ஒருசீர்த்திடநிலையா, சீர்பேணலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டு வாரங்களாக நடந்துவரும் இந்த உரையாடலில் வந்த மடல்கள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை வரிசையாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஹோமியோஸ்ரேசிஸ் (homeostasis), அதாவது உடல் தன் உள்நிலையை உரிய எல்லைக்குள் காத்துக்கொள்வது, என்பதற்குப் பாடநூல் தரும் ஒருசீர்த்திடநிலை என்ற சொல் பொருந்துமா, வேறு சொல் வேண்டுமா என்ற கேள்வியை எழுப்பியவள் நான் என்பதால், எந்தச் சொல்லின் பக்கம் நான் சாய்கிறேன் என்பதையும் ஏன் சாய்கிறேன் என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

இடையில் சேர்ந்தவர்களுக்காகத் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பின் வெள்ளவத்தையில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்து வகுப்புக்குத் திரும்பிய மாணவி ஒருத்தி, அன்றைய பாடத்தில் ஒருசீர்த்திடநிலை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் கையை உயர்த்தி, "ரீச்சர், உடல் தன்னை ஒரே சீராகத் திடமாக வைத்திருக்கும் என்றால், எனக்கு 39 பாகை காய்ச்சல் இருந்தபோது ஏன் குளிர்ந்தது? போர்வைக்குள் இருந்தும் நடுங்கினேனே, உடல் அந்த நேரம் தன் வேலையை மறந்துவிட்டதா?" என்று கேட்டாள். கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கு உடற்றொழிலியலில் தெளிவான விடையும் இருக்கிறது. ஆனால் அந்த விடையைச் சொல்லத் தொடங்கியபோது, பலகையில் நான் எழுதியிருந்த சொல்லே எனக்குக் குறுக்கே நிற்பதை உணர்ந்தேன்.

விடை இதுதான். கிருமி உடலுக்குள் புகுந்ததும் நிர்ப்பீடனக் கலங்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) சில சமிக்ஞைப் பொருட்களைக் குருதியில் விடுகின்றன. அவற்றின் விளைவாக மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் (hypothalamus) புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, உடல் எந்த வெப்பநிலையைக் குறியாகக் கொண்டு இயங்க வேண்டுமோ அந்த மட்டத்தையே 37இலிருந்து 39க்கு உயர்த்திவிடுகிறது. அந்தக் கணத்தில் 37 பாகையில் இருக்கும் குருதி, மூளையின் கணக்கில் குளிர்ந்த குருதி. ஆகவே தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன, பிள்ளை போர்வையை இழுத்து மூடுகிறது. உடல் தன் வேலையை மறக்கவில்லை. புதிய குறியை நோக்கித் தன் வேலையை முழு மூச்சுடன் செய்கிறது. பரசிட்டமோல் அந்தப் புரொஸ்டாகிளாண்டினைக் குறைத்துக் குறியைப் பழைய இடத்துக்கு இறக்குகிறது, அதனால்தான் காய்ச்சல் விடும்போது வியர்க்கிறது. (டெங்குக்கு அசுப்பிரினும் இபுபுரோபெனும் கொடுக்கலாகாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது குருதிப்பெருக்கு அபாயம் பற்றியது, அது வேறு விடயம், ஆனாலும் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.)

இதோடு சித்திரை மாதத்து நடுப்பகலில் மைதானத்தில் ஓடிவிட்டு மயங்கி விழும் பிள்ளையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. கொழும்பின் புழுக்கத்தில், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. நீர் போகிறது, வெப்பம் போவதில்லை. உடலின் உள்வெப்பநிலை 40ஐத் தாண்டும்போது மூளை குழம்பத் தொடங்குகிறது. இங்கே குறி உயரவே இல்லை. அது 37இலேயே நிற்கிறது, உடல்தான் அதை எட்ட முடியாமல் தோற்றுவிட்டது. ஆகவே இங்கே பரசிட்டமோல் பயன்படாது, நீராலும் காற்றாலும் உடலைக் குளிரச் செய்வதே வழி. இரு பிள்ளைகளிடத்தும் வெப்பமானி காட்டும் எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் உடலின் ஒழுங்கு நடந்துகொண்டிருக்கிறது, மற்றதில் முறிந்துவிட்டது. இந்த வேறுபாட்டைச் சொல்ல இடம் தராத கலைச்சொல், மாணவரின் கையில் கருவியாக இராது, சுமையாகவே இருக்கும் என்பது என் நிலைப்பாடு.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கனன் 1926இல் முதன்முதலாகப் பயன்படுத்தி, 1929இல் வெளியான நீண்ட கட்டுரையில் விளக்கிய சொல் homeostasis. கிரேக்க மொழியில் 'அதுவே' என்று பொருள்படும் முன்னொட்டு ஒன்று (homo) உண்டு; ஒத்தது, போன்றது என்று பொருள்படும் முன்னொட்டு வேறொன்று (homeo) உண்டு. இரண்டுக்கும் எழுத்தளவில் சிறு வேறுபாடுதான். கனன் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார். முதலாவதை எடுத்தால் அசையாத, விறைத்த மாறாமையைக் குறித்துவிடும், இரண்டாவது சிறிது ஏறி இறங்க இடம் தரும் என்று காரணத்தையும் அவரே எழுதிவைத்தார். அதேபோல், சொல்லின் பிற்பகுதி தேங்கி நிற்றலைக் குறிக்கவில்லை என்றும் எச்சரித்தார். அதாவது, சொல்லை ஆக்கியவர் எந்த இரண்டு தவறான புரிதல்களைத் தவிர்க்க முயன்றாரோ, அவற்றையே நாம் 'ஒரு' என்றும் 'திட' என்றும் தமிழில் முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். ஒன்று வேறு, ஒத்தது வேறு என்ற நுட்பம் தமிழுக்குப் புதிதில்லை. கிரேக்கத்தைப் போலவே நம்மிடமும் அந்த இணை இருக்கிறது. நாம்தான் அதில் தவறான பக்கத்தை எடுத்துவிட்டோம்.

'திட' என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் நாம் திண்மம், திரவம், வாயு என்று படிக்கிறோம், அதனால் திடநிலை என்றால் எங்கள் மாணவர் உறுதியான நிலை என்று கொள்வர். தமிழகத்திலோ திட நிலை என்பது பனிக்கட்டியும் இரும்பும் இருக்கும் நிலை. கோயம்புத்தூரிலிருந்து எழுதிய நண்பர் எங்கள் சொல்லைக் கண்டதும் முதலில் பௌதிகவியல் சொல் என்று எண்ணியதாகக் குறிப்பிட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை.

உடல் உண்மையில் எவ்வளவு அசைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குருதியின் பிஎச் பெறுமானம் 7.35க்கும் 7.45க்கும் இடையில் மிகக் குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. உடல் வெப்பநிலை அப்படியில்லை. அதிகாலையில் தாழ்ந்து, பிற்பகலில் ஏறி, ஒரே நாளுக்குள் அரைப் பாகைக்கு மேலும் வேறுபடுகிறது. பெண்களில் சூல் வெளிப்பட்ட பின் மேலும் சிறிது ஏறி, மாதவிடாய் வரை அப்படியே நிற்கிறது. குருதியமுக்கம் உறக்கத்தில் இறங்கி, எழுந்ததும் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை, தனித்தனி நெகிழ்ச்சி. இதை 'ஒருசீர்' என்று சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

அப்படியானால் சமநிலை என்றே வைத்துவிடலாமே என்று மூவர் எழுதியிருந்தீர்கள். எளிய சொல், தமிழகத்தில் பரவலாக வழங்கும் சொல், பாமரருக்கும் விளங்கும் சொல் என்பதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இதில்தான் எனக்கு மிகக் கடுமையான மறுப்பு இருக்கிறது. இரசாயனப் பாடத்தில் சமநிலை என்பது முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நடந்து, நிகர மாற்றம் எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து சக்தி தேவைப்படாமல் தானாக நிற்கும் நிலை. கலம் அந்த நிலையை அடைந்தால் அது இறந்துவிட்டது என்று பொருள். உயிருள்ள கலத்தின் உள்ளே கட்டற்ற கல்சியம் அயன்களின் செறிவு, வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கலமென்சவ்வில் உள்ள பம்பி ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. அந்த வேலைக்காக நாம் உறங்கும்போதும் கலத்தின் சக்தி நாணயமான ஏரீபீ (ATP) செலவாகிக்கொண்டே இருக்கிறது. சமநிலைக்கு வராமல் இருப்பதற்காகவே கலம் உண்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. இதை ஒரு பாடத்தில் சமநிலையின்மை என்றும் மறுபாடத்தில் சமநிலை என்றும் படிக்கும் பிள்ளையின் தலையில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கனனும் இதே காரணத்துக்காகத்தான் சமநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எண்ணிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். மூடிய தொகுதிகளில் அறியப்பட்ட விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் எளிய நிலைகளுக்கு அச்சொல் ஏற்கெனவே உரித்தாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

'ஒரு', 'திட' ஆகியவற்றுக்கு அடுத்த குறை, என் பார்வையில் அவற்றைவிடப் பெரியது: நம் சொல் 'நிலை' என்று முடிகிறது. நிலை என்பது எய்தப்பட்ட ஒன்று. இங்கே நடப்பதோ ஓயாத செயல். 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேணார்ட், கலங்கள் அனைத்தும் நனைந்திருக்கும் திரவத்தை அகச்சூழல் என்று பெயரிட்டு, அந்த அகச்சூழலின் மாறாமையே கட்டற்ற வாழ்வுக்கு நிபந்தனை என்று சொன்னார். கனன் அதற்கு மேல் ஒரு படி சென்று, அந்த மாறாமையை யார், எதைக் கொண்டு, எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்டார். சிறுநீரகம், சுவாசம், அதிரனலின், தாகம் என எல்லாம் சேர்ந்து செய்யும் வேலைக்கான பெயர்தான் நமக்கு வேண்டியது. ஆகவே வினையடியாகப் பிறந்த பெயர் வேண்டும். பேணல், ஓம்பல், காத்தல் ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

என் முன்மொழிவு 'சீர்பேணல்'. பழைய சொல்லில் இருந்த நல்ல உறுப்பு 'சீர்'. அதை விடாமல் வைத்துக்கொண்டு, 'ஒரு', 'திட', 'நிலை' ஆகிய மூன்றையும் கழற்றிவிட்டு, செயலைச் சேர்த்திருக்கிறேன். பழைய சொல்லைப் படித்த தலைமுறைக்குப் புதிய சொல் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வினையாகவும் நடக்கும்: கலம் தன் கல்சியச் செறிவைச் சீர்பேணுகிறது, ஈரல் குருதிக் குளுக்கோசைச் சீர்பேண உதவுகிறது என்று இயல்பாக எழுதலாம். ஒருசீர்த்திடநிலையை வைத்து இப்படி எழுத முயன்றால், ஒருசீர்த்திடநிலையைப் பேணுகிறது என்று மீண்டும் ஒரு வினையைக் கடன் வாங்கியே ஆகவேண்டும். பாடநூல் வாக்கியங்களும் அப்படித்தான் செய்கின்றன. சொல்லுக்குள் இருக்க வேண்டிய உறுப்பு வெளியே நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சீர் என்றால் சிறப்பு, செல்வம், மணவீட்டுச் சீர் என்றெல்லாம் பொருள் உண்டே, மயக்கம் வராதா என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு தமிழாசிரியர் கேட்டிருந்தார். வராது என்றே நினைக்கிறேன். நாடி சீராக இருக்கிறது, மூச்சு சீராக வருகிறது என்று நம் வீடுகளில் நோயாளியின் தலைமாட்டில் நின்று நாளும் பேசுகிறோம். உடலைப் பற்றிய பேச்சில் சீர் என்பது ஒழுங்கான ஓட்டத்தைத்தான் குறிக்கிறது. அதைவிட முக்கியமாக, எதிர்ச்சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. சீர்கேடு, சீர்குலைவு என்று நாம் நெடுங்காலமாக எழுதி வருகிறோம். கல்சியச் சீர்குலைவு என்றால் எந்த விளக்கமும் இல்லாமலே வாசகருக்கு விளங்கும். எதிர்ச்சொல்லைத் தன்னுடனேயே அழைத்துவரும் கலைச்சொல் எளிதில் கிடைப்பதில்லை.

அதே தமிழாசிரியர் தம் மடலின் இறுதியில் யாப்பிலிருந்து ஓர் ஒப்புமை எழுதியிருந்தார். தம் கேள்விக்குத் தாமே விடை தந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. வெண்பாவில் மாச்சீர் வரலாம், விளச்சீர் வரலாம், காய்ச்சீர் வரலாம். சீர்கள் மாறிக்கொண்டே போனாலும் தளை பிறழாதவரை செப்பலோசை நிலைக்கிறது. கனிச்சீர் புகுந்தால் வெண்பா கெடுகிறது. மாறுவதற்கு இடம் உண்டு, எல்லையும் உண்டு. குருதியின் குளுக்கோசு, உண்ணாதிருக்கும்போது டெசிலீற்றருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை எங்கும் இருக்கலாம், அந்த அகலத்துக்குள் அது தன்போக்கில் ஏறி இறங்குகிறது என்பதை நான் இனி இந்த ஒப்புமையோடுதான் கற்பிக்கப் போகிறேன்.

தன்னிலை காத்தல் என்ற முன்மொழிவு கருத்தளவில் நன்று. ஆனால் தன்னிலை விளக்கம் என்ற வழக்கு அதை வேறு திசைக்கு இழுக்கிறது. அகநிலை பேணல் என்பதில் அகநிலை, புறநிலை என்னும் மெய்யியல் இணை குறுக்கிடுகிறது. ஒலிபெயர்த்து அப்படியே எழுதலாம் என்பவர்களுக்குப் பின்னர் மறுமொழி சொல்கிறேன்.

இப்போது நெருக்கடியான பகுதி. இந்தச் சொல்லைத் தனியாக வைத்து முடிவு செய்ய முடியாது. உடலைத் தாக்கும் காரணிகளுக்கும் அத்தாக்கத்தால் உடலில் நேர்வதற்கும், அதாவது ஆங்கிலத்தில் stress என்று பேசப்படுவதற்கு, நம்மிடம் சீரான சொற்கள் இல்லை. ஹன்ஸ் செலியே 1936இல், வெவ்வேறு வகையான தீங்குகளுக்கு உடல் ஒரே மாதிரியான பொது எதிர்வினையைக் காட்டுகிறது என்று எழுதிய சிறு கட்டுரையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. அவர் தம் கருத்துக்குப் பௌதிகவியலிலிருந்து சொல்லைக் கடன் வாங்கினார். நம் பௌதிகவியல் பாடத்தில் வெளியிலிருந்து வரும் தாக்கம் தகைப்பு (stress), அதனால் பொருளில் நேரும் மாற்றம் விகாரம் (strain). செலியே குறிக்க விரும்பியது உடலில் நேரும் மாற்றத்தை. எடுத்ததோ தகைப்பைக் குறிக்கும் சொல்லை. தம் ஆங்கிலம் அப்போது போதிய அளவு தேர்ந்திருந்தால் மற்றச் சொல்லையே எடுத்திருப்பேன் என்று அவர் பின்னாளில் சொன்னதாகக் கூறுவர். காரணியைத் தனியாகக் குறிக்க இன்னொரு சொல்லை ஆக்க வேண்டியும் வந்தது. சொல்லாக்கத்தில் முதல் அடி பிசகினால் பின்னால் வருபவர்கள் எவ்வளவு தூரம் சுற்றிப்போக வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

தமிழகத்தில் உடலின் stress என்பதற்கு அழுத்தம் என்ற சொல் வழங்குகிறது. அங்கே அதுவே நமது அமுக்கத்துக்கும் பெயர். குருதியமுக்கமும் பிரசாரண அமுக்கமும் பேசப்படும் அதே பத்தியில் இதுவும் அழுத்தம் என்றால், எந்த அழுத்தம் எதை அழுத்துகிறது என்று வாசகர் தடுமாறுவார். இலங்கையில், யுத்த காலத்திலும் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் மக்களோடு வேலை செய்தவர்கள் உளநெருக்கீடு என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார்கள். துயரத்திலிருந்து பிறந்து, மக்கள் வாயில் நின்று பழகிய சொல் அது. அதிலிருந்து நெருக்கீடு என்பதை எடுத்துப் பொதுமைப்படுத்தலாம்: வெப்ப நெருக்கீடு, ஒட்சியேற்ற நெருக்கீடு, கலநெருக்கீடு. தாக்கும் பொருளை நெருக்கீட்டுக் காரணி என்று பிரித்துவிட்டால் செலியேயின் குழப்பம் நமக்கு வராது.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்கக் கலத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். 1962இல் இத்தாலியரான பெரூச்சியோ ரித்தோசா, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அடைகாப்புப் பெட்டியின் வெப்பநிலையை யாரோ தற்செயலாகக் கூட்டிவிட, நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) முன்பு காணாத இடங்களில் புடைப்புகள் தோன்றின. அங்கே புதிய பரம்பரையலகுகள் (ஜீன்கள்) விழித்துக்கொண்டிருந்தன. அவை ஆக்கும் புரதங்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பின்னர் அறியப்பட்டன. மடிப்புக் குலைந்த புரதங்களைப் பிடித்து மீண்டும் மடியச் செய்வது அவற்றின் வேலை. துணைப்புரதங்கள் என்று அவற்றைச் சொல்கிறேன்.

அவற்றின் ஆக்கம் கட்டுப்படும் விதம் மிக அழகானது. நல்ல காலத்தில், பரம்பரையலகுகளை எழுப்பும் வெப்ப அதிர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைத் துணைப்புரதங்களே பற்றிக்கொண்டு அடக்கி வைத்திருக்கின்றன. வெப்பம் ஏறிப் புரதங்கள் குலையும்போது, துணைப்புரதங்கள் அவற்றைக் காப்பாற்ற ஓடிவிடுகின்றன. பிடி தளர்ந்த காரணி மும்மூன்றாகச் சேர்ந்து கலத்தின் கருவுக்குள் டீஎன்ஏயைப் பற்றி, மேலும் துணைப்புரதங்களை ஆக்கச் செய்கிறது. போதிய அளவு ஆனதும், வேலை முடிந்த துணைப்புரதங்கள் திரும்பிவந்து காரணியை மீண்டும் பற்றிக்கொள்கின்றன. எதிர்ப்பின்னூட்டல் என்று நாம் குருதிக் குளுக்கோசில் கற்பிப்பது இங்கே ஒரேயொரு கலத்துக்குள் முழுமையாக நடக்கிறது. புரதங்களின் இந்த ஒழுங்குக்கு 2008இல் proteostasis என்று தனிப் பெயர் ஒன்று முன்மொழியப்பட்டு இன்று பரவிவிட்டது. நம் பழைய சொல்லை வைத்து அதைத் தமிழாக்க முயன்றேன்: புரத ஒருசீர்த்திடநிலை. வகுப்பில் யாரும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். புரதச் சீர்பேணல் என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

கலத்துக்குள் புரதங்கள் மடிக்கப்படும் சவ்வுவலையான அகமுதலுருச் சிறுவலையில் மடியாத புரதங்கள் தேங்கும்போதும் இப்படியே. முதலில் கலம் புதிய புரத ஆக்கத்தைக் குறைக்கிறது, துணைப்புரதங்களைக் கூட்டுகிறது, குலைந்தவற்றை அகற்றுகிறது. அவ்வளவு செய்தும் மீளாவிட்டால் திட்டமிட்ட கல இறப்புக்குத் தன்னை ஒப்படைக்கிறது. கலத்தின் சீர்பேணல் தோற்றாலும் இழையத்தின் சீர்பேணல் காக்கப்படுகிறது. எந்த மட்டத்தின் சீர் என்று கேட்க வைப்பதும் இந்தச் சொல்லின் நன்மைகளுள் ஒன்று.

அடுத்தது, இந்தக் குழுவில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட உறவினச் சொல். பீற்றர் ஸ்ரேர்லிங்கும் யோசெப் அயரும் 1988இல், கனனின் கருத்து போதாது என்று வாதிட்டு, மாற்றத்தின் வழியாக நிலைபெறுதல் என்ற பொருளில் allostasis என்ற வேறொரு சொல்லை ஆக்கினார்கள். உடல் பிழை நேர்ந்த பின் திருத்துவது மட்டுமன்று. மூளை வரப்போகும் தேவையை முன்கூட்டியே கணித்துக் குறியையே மாற்றிவைக்கிறது என்பது அவர்கள் வாதம். ஓட்டம் தொடங்குமுன்பே இதயத்துடிப்பு ஏறுகிறது, உணவின் சுவை நாவில் பட்டதும் குளுக்கோசு குருதிக்கு வருமுன்பே இன்சுலின் சிறிது சுரக்கிறது, விடியலையொட்டிக் கோட்டிசோல் என்னும் ஓமோன் ஏறுகிறது. இதற்கு மாற்றுச் சமநிலை என்று சிலரும், மாறிச் சீர்பேணல் என்று யாழ்ப்பாணத்து மருத்துவ நண்பரும் எழுதியிருந்தீர்கள். சமநிலைக்கு என் மறுப்பை மேலே சொல்லிவிட்டேன். மருத்துவ நண்பரின் சொல்லில் மாறுவது உடல். ஆனால் இங்கே மாறுவது சீர், அதாவது பேணப்படும் குறி. ஆகவே 'மாறுசீர்பேணல்' என்று சிறிது திருத்திக்கொள்ளக் கேட்கிறேன். மாறுசீர் வினைத்தொகை. மாறிய சீர், மாறுகின்ற சீர், மாறும் சீர் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன. வரப்போவதை முன்கணித்து மாறுவதுதான் இக்கருத்தின் உயிர் என்பதால், எதிர்காலத்தையும் உள்ளடக்கும் தொகை இதற்கு மிகப் பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ஒற்றுச் சேர்க்க வேண்டாம் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

புறூஸ் மக்ஈவனும் எலியற் ஸ்ரெல்லரும் 1993இல் இதிலிருந்து இன்னொரு கருத்தை எடுத்தார்கள்: இப்படி மாறி மாறிக் காத்துக்கொள்வதற்கு உடல் கொடுக்கும் விலை. அதற்கு மாறுசீர்ச் சுமை என்பேன். கொழும்பில் இரவு முழுவதும் காவல் வேலை பார்த்துவிட்டு, பகலில் இன்னொரு வேலைக்குப் போகும் தந்தையர் என் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். உறக்கத்தில் இறங்க வேண்டிய குருதியமுக்கம் இறங்குவதில்லை. இரவில் தாழ வேண்டிய கோட்டிசோல் தன் தாளத்தை இழக்கிறது. உயர்ந்த அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க நாடிச்சுவர் தடிக்கிறது, தடித்த சுவர் அமுக்கத்தை மேலும் உயர்த்துகிறது. ஒவ்வொரு படியும் அந்தந்த நேரத்தில் சரியான எதிர்வினைதான். ஆண்டுக்கணக்கில் அவை சேரும்போது நோயாகின்றன. தன் தகப்பனின் உடலில் என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளை தமிழில் எழுத வேண்டுமானால் அதற்குச் சொல் வேண்டும். என் அவசரத்துக்குக் காரணம் இதுவே.

ஒலிபெயர்ப்பை விரும்பும் நண்பர்களுக்கு: இன்சுலின், கோட்டிசோல் போன்ற பொருட்பெயர்களை ஒலிபெயர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அவை சுட்டுப்பெயர்கள்; சுட்டினால் போதும். இது கருத்து. கருத்தின் பெயர் சிந்தனைக்கு வழி திறக்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோது, உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம் என்று பெயரிட்டார். இன்று அச்சொல் வழக்கில் இல்லை, அதன் இடத்தை இன்னும் எளிய சொல் பிடித்துவிட்டது. ஒரு சொல் போய் மேலான சொல் வந்ததில் கிறீனுக்கு எந்த இழுக்கும் இல்லை. அவர் தொடங்கியிராவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இருந்திராது. ஒருசீர்த்திடநிலையை ஆக்கியவர்கள்பால் என் மனநிலையும் அதுவே. சுயமொழியில் அறிவியல் கற்பிக்கும் பாரிய வேலையைக் குறுகிய காலத்தில் செய்து, ஆயிரக்கணக்கான சொற்களைச் சொற்றொகுதிகளாக நமக்குத் தந்தவர்கள் அவர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதும் எந்த மாணவரையும் விடைத்தாளில் சீர்பேணல் என்று எழுதும்படி நான் சொல்ல மாட்டேன். புள்ளி அவர்களுடையது, பரிசோதனை என்னுடையது. பாடநூலில் மாறும்வரை விடைத்தாளில் ஒருசீர்த்திடநிலைதான். வகுப்பில் இரண்டையும் அருகருகே எழுதி, ஏன் இரண்டு என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

முடிவாகாத இரண்டு விடயங்கள் இருக்கின்றன. உடல் நோக்கி இயங்கும் அந்தப் பெறுமானத்தை மேலே குறி என்றே எழுதிவந்தேன். தனியாக நிற்கும்போது குறி என்பது நோயின் குறியோடு மயங்குகிறது, ஆதலால் 'குறிமட்டம்' என்று வைக்கலாமா? மட்டம் என்பதில் கொத்தனார் மட்டம் பார்க்கும் பொருள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு பொருள் யாருக்கேனும் உறுத்தினால் எழுதுங்கள். இரண்டாவது, பேணல் என்பதைவிட ஓம்பல் என்பதில் ஊட்டி வளர்க்கும் பொருளும் சேர்ந்திருப்பதால் 'சீரோம்பல்' மேலானது என்று கண்டியிலிருந்து வந்த மடல். விருந்தோம்பல் போலக் காதுக்கும் இனிமையாக இருக்கிறது. வினையாக்கிச் சீரோம்புகிறது என்று எழுதும்போதுதான் எனக்கு நா தடுக்குகிறது. மற்றவர்களுக்கும் அப்படியா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்குச் சென்ற வெள்ளிக்கிழமை இந்தச் சொற்களைக் கொண்டே விடை சொன்னேன். அவள் கொப்பியில் எழுதியதை அவளது அனுமதியுடன் இங்கே தருகிறேன்: "காய்ச்சல்: குறிமட்டம் ஏறியது, சீர்பேணல் நடந்தது. வெயிலில் மயங்குதல்: குறிமட்டம் ஏறவில்லை, சீர்பேணல் தோற்றது." அதற்குக் கீழே பென்சிலால், "அப்போ தொடர்ந்து உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்குக் குறிமட்டம் ஏறிவிட்டதா, சீர்பேணல் தோற்றதா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு அடுத்த வகுப்பில் விடை சொல்ல வேண்டும். மருத்துவம் படித்த நண்பர்கள் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து